தொகுனாகாவின் முகட்டுப் பலகை

கிமியோ ஆன்டி யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. 1971இல் அவள் முடியை ஒரு விரல் அளவு கூடுதலாக வெட்டிவிட்ட சலூன்காரி இறந்தபோது, சடங்குக்கு முதல் ஆளாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். "நெஜமாவே போயிட்டாளான்னு பாக்க வந்தேன்" என்று என் காதில் சொன்னாள். அவளைப் பற்றி நல்ல வார்த்தையாகப் பார்த்து நாலு எழுது என்றால் என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.

என் பெயர் நோஹேயா. ஹீலோ என்ற எங்கள் தீவு ஊரின் கடைத்தெருவில், கடலைப் பார்த்த வரிசையில், உப்பில் ஊறிய பிளம் பழங்களை ஜாடி ஜாடியாக அடுக்கி வைத்து விற்கிறேன். எனக்கு அடுத்த கட்டடம் இரண்டு மாடி. உடம்பெல்லாம் மரம், தெருவைப் பார்த்த முகப்பு மட்டும் சிமெண்ட். கீழே ஆணியும் பெயிண்டும் விற்ற கடை. மேலே அல்வீனோ ரபோசோ தனியாகக் குடியிருந்தார். எண்பத்தாறு வயது. சனிக்கிழமை காலையில் மலசாடா என்ற மாவு உருண்டைகளைப் பொரித்து, சர்க்கரையில் புரட்டி, சூடாக எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்புவார். ஊருக்கே அவர் அல்வீனோ அங்கிள். கிமியோவும் அப்படித்தான் கூப்பிடுவாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் ஐம்பது வருட விஷம் இருந்தது வெகு காலம் வரை எனக்கே தெரியாது.

அந்தக் கட்டடத்தை 1927இல் கட்டியவர் கிமியோவின் அப்பா, தோராகிச்சி தொகுனாகா. வலை, தூண்டில், படகு விளக்கு எல்லாம் விற்றார். பக்கத்துப் பேக்கரியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அல்வீனோ அவருக்குச் சிநேகிதன். வயதில் பாதிதான், ஆனாலும் சிநேகிதன். ஜப்பானோடு போர் வந்தது. ஜப்பானியப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை திரட்டியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கப்பலேற்றி, கண்காணாத முகாம்களில் அடைத்தார்கள். அடுத்தது தானே என்று தெரிந்ததும் தொகுனாகா கட்டடத்தை அல்வீனோவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். விற்றதாகத்தான் எழுத வேண்டியிருந்தது. இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்ற பயம்.

"பத்திரமா வச்சிருக்கேன், தொகுனாகா-சான். நீங்க வர்ற வரைக்கும்" என்று அல்வீனோ சொன்னதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கிமியோ கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

தொகுனாகா நான்கு வருடம் கழித்துத் திரும்பினார். கிமியோவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் போனார். அல்வீனோ உள்ளே கூப்பிடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "காகிதத்தைப் பாரு, தொகுனாகா-சான். அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். அவ்வளவுதான். தொகுனாகா வாசலிலேயே குனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டார். கிமியோவுக்கு அப்பாமேலும் கோபம். துரோகம் செய்தவனை எதற்காகக் குனிந்து வணங்க வேண்டும்? மிச்சமிருந்த நான்கு வருடமும் ஊரார் வீட்டில் புல் வெட்டிவிட்டு அவர் செத்துப்போனார்.

சாவதற்கு முன் ஒன்று சொன்னார். "முகட்டுல என் பேரு இருக்கு. அதை அவனால மாத்த முடியாது."

எங்கள் ஊர் ஜப்பானியத் தச்சர்களின் வழக்கம் அது. முகட்டு உத்தரம் ஏற்றும் நாளில், வீட்டுக்காரர் பெயர், தச்சர் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு பலகையில் மையால் எழுதி உத்தரத்தில் அடித்துவிடுவார்கள். பிறகு வீட்டுக்காரர் கூரைமேல் ஏறி நின்று, கீழே கூடியிருப்பவர்களுக்கு மோச்சி அரிசி உருண்டைகளை வீசுவார். தெருவே விழுந்து பொறுக்கும். மேலே ஓடு போட்டு, கீழே பலகைத் தளமும் அடித்த பின் அந்த எழுத்து இருட்டுக்குள் போய்விடும். யாரும் பார்ப்பதில்லை. யாரும் எடுப்பதும் இல்லை.

கிமியோ பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் பரிமாறினாள். அல்வீனோவின் பிள்ளைகள் மூன்று பேரும், பிறகு பேரப்பிள்ளைகளும், அவள் கரண்டிக்கு முன்னால்தான் தட்டை நீட்டினார்கள். ரபோசோ குடும்பத்துக்குக் கோழியில் கழுத்துத் துண்டு, சோற்றில் அடிப்பிடித்த பக்கம். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"அது கொழந்தைங்க ஆன்டி, அதுங்க என்ன பண்ணிச்சு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நானும் கொழந்தையாத்தான் இருந்தேன். நான் என்ன பண்ணேன்?" என்றாள்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து எங்கள் கடைத்தெருவின் பாரம்பரியக் குழுவில் சேர்ந்தாள். பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியலில் ஏற்றுவது, வெண்கலப் பட்டயம் பதிப்பது, சுற்றுலாக்காரர்களுக்கு நடந்தே சுற்றிக் காட்டுவது, இதெல்லாம் குழுவின் வேலை. நானும் அதில் பேருக்கு ஓர் உறுப்பினர். சேர்ந்த ஆறாம் மாதம், ரபோசோவின் கட்டடத்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று கிமியோவே எழுந்து நின்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் முடிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு வந்து கடையில் உட்கார வைத்தேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா ஆன்டி? அந்தாளுக்கு நீயே பட்டயம் வாங்கிக் குடுக்கிறியா?"

"பட்டியல்ல ஏத்தறதுக்கு என்ன கையெழுத்து வாங்கறோம், படிச்சியா?"

"எந்தப் பழைய பாகத்தையும் குழுவைக் கேக்காம எடுக்க மாட்டேன்னு."

"ஆங். அதான்." ஒரு பிளம்மை வாயில் போட்டுச் சப்பினாள். "கையெழுத்து விழட்டும். அப்புறம் ஊரையே கூட்டி, கூரையைத் தொறந்து காட்டறேன். எங்கப்பா பேரை அவன் எரிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு அவள்மேல் பயமும் வந்தது, மரியாதையும் வந்தது.

அல்வீனோ சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். 'ரபோசோ கட்டடம், 1927' என்று பட்டயம் தயாரானது. திறப்பு விழாவன்று வாசலின் குறுக்கே மைலே கொடி கட்டினோம். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து எங்கள் தீவுக்கு வந்து குடியேறிய குழுவின் புதுத் தலைவர் கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். ஆசீர்வாதம் செய்ய வந்த போதகர் அவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், கத்தரிக்கோல் எங்கே போனதென்றே தெரியவில்லை. மைலேயை வெட்டக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும். ஒரு முனையை அல்வீனோவும் மறு முனையை கிமியோவும் பிடித்து அவிழ்த்தார்கள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு கிமியோ மைக்கை வாங்கி, இந்தக் கட்டடத்தின் மிகப் பழைய எழுத்தை எல்லோரும் கேட்க வேண்டும் என்றாள். தச்சரை மேலே ஏற்றி முதல் நாளே படம் எடுத்து வைத்திருந்தாள். எங்கள் ஊர் ஜப்பானியக் கோயில் குரு அதைக் கையில் வாங்கி உரக்கப் படித்தார். "வீட்டு உரிமையாளர், தொகுனாகா தோராகிச்சி. ஷோவா இரண்டாம் ஆண்டு, அதாவது 1927."

கிமியோ திரும்பி அல்வீனோவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எப்படி மாறும் என்று, அப்பா செத்ததிலிருந்து நாற்பத்தெட்டு வருடமாகக் கனவு கண்டவள்.

முகம் மாறவில்லை. கிழவர் கையை நீட்டி மைக்கைக் கேட்டார்.

"அந்தப் பலகையா? அம்பது வருஷமா நான்தான்யா தொடைக்கிறேன்!" என்றார். "தொகுனாகா-சான் தங்கமான மனுஷன். போர்க் கஷ்டத்துல எங்கிட்ட வித்துட்டாரு. கட்டடம் என்னுதானாலும் பேரை எடுக்க எனக்கு மனசு வரல. வருஷா வருஷம் புதுவருஷத்தன்னிக்கு ஏணி போட்டு ஏறி உப்பு வச்சுட்டு வர்றேன். இப்ப முடியல, பேரனை ஏத்தறேன்."

பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். கழுத்து மறையும் வரை அவருக்கு மாலை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் 'நண்பனின் பெயரைக் காத்தவர்' என்று படத்தோடு வந்தது. அந்தப் படத்தில் கிமியோ ஓரமாக, வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

பத்து நாள் அவள் வீட்டை விட்டு வரவில்லை. நான் சைமின் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். தொடவில்லை.

"வித்துட்டாருன்னு சொன்னான் நோஹேயா. எங்கப்பா பேரைச் சொல்லிக்கிட்டே சொன்னான். நான்தானே மைக்கைக் குடுத்தேன்?"

அல்வீனோவின் மலசாடாவை அந்தச் சனிக்கிழமை நான் வாங்கவில்லை.

அடுத்த மாதம் முதல் வேலை நாள். காலை பதினொன்றே முக்காலுக்கு, வழக்கம்போல் கடல் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதினார்கள். எங்களுக்கெல்லாம் அது கடிகாரம் மாதிரி, சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று அல்வீனோ என் கடையில் உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதியதும் கிழவரின் கை என் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. ஊதி முடியும்வரை விடவில்லை.

"சோதனைதானே அங்கிள்?"

"தெரியும், தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பத்தாறுல கடல் அலை வந்து எதிர் வரிசை மொத்தமாப் போச்சு. நான் பெண்டாட்டி புள்ளையோட கூரைக்கு அடியில ஏறி, அந்தப் பலகையைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தக் கட்டடம் ஆடுச்சு, விழல. அறுபதுலயும் அலை வந்துது. விழல. அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் விழாது, நோஹேயா. அது இல்லன்னா ஒரு ராத்திரி நான் அங்க படுக்க மாட்டேன்."

அதாவது நட்புக்காக இல்லை, மனசாட்சிக்காகவும் இல்லை. ஏமாற்றப்பட்டவரின் பெயரைக் கூரையில் காவலுக்குக் கட்டிப்போட்டுவிட்டு, அதன் அடியில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

இதை நான் கிமியோவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடையைப் பூட்டிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து போய் இரண்டு முட்டை பொரித்து, சோற்றின்மேல் போட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"அந்தக் கட்டடத்துல கரையான் இருக்குதான?" என்று கேட்டாள்.

ஹீலோவில் கரையான் இல்லாத மரக் கட்டடம் ஏது? ஏப்ரலில் அவள் குழுவில் பேசி, கரையான் மருந்துக்கு ஏற்பாடு செய்தாள். கட்டடத்தைத் தலையோடு கால் கோடு போட்ட கூடாரத் துணியால் மூடி, உள்ளே புகை விடுவார்கள். மூன்று நாள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. சோறு, மாத்திரை, செடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்து வைக்கும் சாமான்களின் பட்டியலைக் கிமியோவே டைப் அடித்து, அல்வீனோவிடம் கொண்டுவந்தாள். நானும் கூட இருந்தேன்.

"முகட்டுப் பலகையுமா?" கிழவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பழைய மை, அங்கிள். புகை பட்டா அழிஞ்சுடும். குழு சார்புல நான் வாங்கிக்கறேன்."

"திரும்ப மாட்டிடுவீங்கள்ல?"

"பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள் கிமியோ.

கிழவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவருக்கு அது மறந்தே போயிருந்தது. கேட்டவளுக்குத்தான் ஐம்பத்தைந்து வருடமாக அது காதுக்குள் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில், 'குழுவின் பிரதிநிதி கிமியோ தொகுனாகா உசிதம் என்று கருதும் காலம் வரை' என்று இருந்தது. அவர் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் தொகுனாகாவும் தன் காகிதத்தைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார், சிநேகிதன்தானே என்று.

கூடாரத்தைப் பிரித்தார்கள். நாளைக்கே பலகை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கிழவர் மேலே குடிபோனார். பலகை வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஆன்டிக்கு முட்டிவலி, தச்சருக்கு நேரமில்லை, இன்னும் பூஞ்சை துடைக்கணும் என்று நாளுக்கு ஒரு சாக்கு. மே மாதம் முதல் வேலை நாளில் சங்கு ஊதியபோது, கிழவர் செருப்பில்லாமல், பனியனோடு படியில் இறங்கித் தெருவைக் கடந்து மலைப்பக்கமாக ஓடினார். எண்பத்தாறு வயதில் ஓட்டம். தெருவே பார்த்தது. ரெண்டு தெரு தாண்டி வங்கி வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை நான்தான் போய் அழைத்துவந்தேன்.

"அவகிட்ட சொல்லு நோஹேயா. என்ன வேணும்னு கேளு" என்றார்.

கேட்டேன். "வீட்டு வாசலுக்கு வரச் சொல்லு" என்றாள். "பகல்ல. அக்கம்பக்கம் இருக்கும்போது."

ஞாயிற்றுக்கிழமை என் டிரக்கில் கூட்டிப்போனேன். கிமியோ குழுவினரையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். முற்றத்தில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளிருந்து வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் பலகை.

"இதுல யார் பேரு இருக்கு, அல்வீனோ?" என்றாள். 'அங்கிள்' என்ற சொல்லை விட்டுவிட்டாள். கோழி புரட்டிக்கொண்டிருந்தவர் இடுக்கியை நிறுத்தினார்.

"தொகுனாகா."

"கட்டடம் யாரோடது?"

கிழவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவரோடது. விக்கல. பத்திரமா வைக்கச் சொல்லிக் குடுத்தாரு. நான் திருப்பிக் குடுக்கல." குரல் உடைந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. பிறகு யாரும் கேட்காமலே தொடர்ந்தார். "உத்தரம் ஏத்துன அன்னிக்கு நான் இருந்தேன், கிமியோ. பதினாறு வயசு எனக்கு. உங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கூரை மேல நின்னு சிரிச்சுக்கிட்டே வீசினாரு. தொப்பி காத்துல பறந்து போச்சு, அதுக்கும் சிரிச்சாரு. எனக்கு ரெண்டு மோச்சி கெடச்சுது. ஒண்ணை எங்கம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

கிமியோவின் உதடு அசைந்தது. அவள் பார்த்த அப்பா சிரித்தவரில்லை. புல்வெட்டும் கருவியோடு குனிந்தவர். ஒரு கணம், விட்டுக்கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

கிழவர் இரண்டு கையையும் நீட்டினார். "குடுத்துடு, சொல்லிட்டேன்ல? மாட்டறதுக்குத்தானே எடுத்தே?"

அந்தக் கைகளைக் கண்டதும் அவள் முகம் பழையபடி இறுகியது. "காகிதத்தைப் பாரு, அல்வீனோ. அதுல என்ன எழுதியிருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியும், என் தோளை மறுபடி பற்றிய கை தெரிவித்தது. சாத்திய கதவுக்கு முன்னால் அவர் மெதுவாக, இடுப்புவரை குனிந்து வணங்கினார். உள்ளே போய்விட்டவள் அதைப் பார்க்கவில்லை. நான் இன்றுவரை அவளிடம் சொல்லவும் இல்லை.

அத்தனை பேர் காதால் கேட்டதால் பட்டயத்தை மாற்றாமல் குழுவுக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது அங்கே 'தொகுனாகா கட்டடம், 1927' என்று இருக்கிறது. கட்டடம் என்னவோ சட்டப்படி ரபோசோ குடும்பத்திடம்தான். அல்வீனோ அந்த மாடியில் அதன் பிறகு ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. மலைமேல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை மலசாடாவும் நின்றது. டிசம்பரில் இறந்தார்.

சடங்குக்குக் கிமியோதான் முதல் ஆளாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என் காதில் சொல்லப்போகும் வாசகத்துக்காகக் காத்திருந்தேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தொப்பி என்ன நெறம்னு கேட்டிருக்கணும்" என்றாள். "கூரை மேல நின்ன எங்கப்பாவைப் பாத்தவங்க இனிமே யாரும் இல்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"கேட்டிருக்கணும்" என்றாள் மறுபடியும். "ஆனா பலகையைக் குடுத்திருக்க மாட்டேன்."